மைக் செட் வீட்டு இசைத்தட்டுகள்: எந்த பிளேயர், எந்த ஊசி?

இசைத்தட்டு பிளேயர் வாங்க யோசனை கேட்பவர்கள் முதலில் சொல்வது கையில் இருக்கும் தொகையை. அடுத்து, யூஎஸ்பி வசதி இருக்க வேண்டும் என்பதை. வீட்டில் என்னென்ன தட்டுகள் இருக்கின்றன, இத்தனை காலம் அவை எதில் ஓடின என்று நாமாகக் கேட்டால்தான் வாய் திறப்பார்கள். முடிவைத் தீர்மானிப்பதோ அந்த இரண்டு கேள்விகள்தாம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு பிளேயர் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, அங்கிருந்த தட்டுகளைக் கணினியில் ஏற்றவும் உதவினேன். அந்தச் சேகரிப்புக்கு வழக்கமான பரிந்துரைகள் பலவும் பொருந்தவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தட்டுகள்

வீட்டுக்காரரின் தந்தை மைக் செட் தொழில் செய்தவர். ஒலிபெருக்கிக் குழாயைப் புளியமரத்தில் கட்டி, விடியலில் விநாயகர் பாட்டில் தொடங்கி நள்ளிரவு வரை கல்யாண வீட்டையும் திருவிழாவையும் அதிரவைத்த தலைமுறை அது. டேப் வந்து, சிடி வந்து, தொழில் மாறியதும் தட்டுகள் பரணேறின. மகன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவற்றைக் கீழே இறக்கினார்.

மூன்று வகை இருந்தன. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும், தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகள் ஒரு மரப்பெட்டியில்: ஓடியன், கொலம்பியா, எச்எம்வி லேபிள்கள், அவற்றில் சில நாடகப் பாட்டு செட்டுகள். இரண்டாவது வகை, தகரப் பெட்டிகளில் அடுக்கிய 7 அங்குல இபி தட்டுகள். மைக் செட்டுக்குச் சோறு போட்டவை இவைதாம். மூன்றாவது, 12 அங்குல எல்பிக்கள்: பக்திப் பாடல்கள், திரைப்படக் கதை வசனத் தட்டுகள், எண்பதுகளில் இளையராஜா இசையில் வந்த எக்கோ நிறுவன வெளியீடுகள் கொஞ்சம். 12 அங்குலம் என்றாலே 33 சுற்று என்று பலரும் நினைப்பது உண்டு. 45 சுற்றில் ஓடும் 12 அங்குலத் தட்டுகளும் இங்கே வந்திருக்கின்றன. லேபிளைப் பார்க்காமல் ஊசியை வைக்கக் கூடாது.

தேய்மானத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. தட்டைச் சாய்த்து வெயிலில் பிடித்தால் போதும். நல்ல தடம் கருகருவென்று பளபளக்கும். கனமான ஊசி உழுதுபோட்ட தடம் சாம்பல் பூத்திருக்கும். இபி தட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பக்கம் மட்டுமே சாம்பல். ஊர் கேட்ட பாட்டு எந்தப் பக்கத்தில் இருந்ததோ அந்தப் பக்கம். மறுபக்கம் நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் இருந்தது. விநாயகர் பாட்டுத் தட்டு ஒன்றில், ஊசி முதலில் இறங்கும் விளிம்பிலேயே காய்ந்த சந்தனப் பொட்டு. ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு வைத்தது, பொட்டின் மேல் பொட்டாகக் கெட்டிப்பட்டிருந்தது. காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் வைத்து ஊறவிட்டு, சுரண்டாமல் ஒற்றி எடுத்தோம். முதல் சில சுற்றுகளுக்கு இன்னமும் கொஞ்சம் படபடப்பு கேட்கிறது. அதை மென்பொருளில்கூட அழிக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

78 சுற்றுத் தட்டுகளைத் துடைப்பதில் ஓர் எச்சரிக்கை. அவை வினைல் அல்ல. அரக்கோடு கல்பொடி கலந்து அழுத்தியவை. சாராயம் கலந்த எந்தத் திரவமும் அரக்கைக் கரைத்துவிடும். வினைல் துடைக்க விற்கும் திரவங்கள் பலவற்றில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் உண்டு. கை கழுவும் சானிடைசரும் அதே ரகம். அரக்குத் தட்டுக்குக் காய்ச்சி வடித்த நீர், ஒரு துளி மணமில்லாத சோப்பு, மென்மையான பிரஷ் போதும். துடைத்தவுடன் ஈரம் ஒற்றிவிட வேண்டும். லேபிள் நனையக் கூடாது. தட்டைப் பற்றிய முதல் ஆவணமே அந்தக் காகிதம்தான். கும்பகோணத்து மழைக்கால ஈரப்பதத்தில் காகித உறைக்குள் பூஞ்சை பிடித்திருந்தது. பழைய உறைகளைத் தனியே உலர்த்திப் பத்திரப்படுத்திவிட்டு, தட்டுகளைப் புதிய உறைகளில் போட்டோம்.

ஏற்கெனவே வீட்டில் இருந்தவை

தந்தையின் பிளேயர் இன்னும் ஓடியது. 16, 33, 45, 78 என்று நான்கு வேகம். செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின் சைகையாக மாற்றும் பகுதி), சின்ன நெம்பைத் திருப்பினால் ஒரு பக்கம் எல்பி ஊசி, மறுபக்கம் 78க்கான ஊசி. "அப்பா இதை வைத்துத்தானே எங்களைப் படிக்க வைத்தார், இதற்கு என்ன குறை, தம்பி?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. குறை கருவியின் அமைப்பில் இல்லை, வயதில் இருந்தது. மோட்டாரின் சுழற்சியைத் தட்டு மேடைக்குக் கடத்தும் ரப்பர் சக்கரம் இறுகிப்போய், ஒவ்வொரு சுற்றுக்கும் அடித்தொண்டை உறுமலைத் தட்டுக்குக் கடத்தியது. ஊசி முனையை உருப்பெருக்கியில் பார்த்தபோது கூம்பாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் சீவியதுபோல் இருந்தது. அப்படிப்பட்ட முனை தடத்தின் சுவரைச் செதுக்கிக்கொண்டே போகும்.

மகள் பரிசளித்த இன்னொரு பிளேயரும் இருந்தது. சூட்கேஸ் வடிவம், உள்ளேயே ஒலிபெருக்கி, யூஎஸ்பி, மூன்று வேகம், பார்க்க அழகு. ஊசியழுத்தம் அளக்கும் சிறு டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வைத்துப் பார்த்ததில் 5 கிராமைத் தாண்டியது. நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜ் ஒன்று எல்பி மேல் வைக்கும் எடை 2 கிராம் அளவுதான். அழுத்தத்தைக் குறைக்க, ஊசியைத் தாங்கும் கையில் திருகு எதுவும் இல்லை. 78 என்று பொத்தான் இருந்தும் ஊசி எல்பிக்கானதே. வேகம் மட்டும் கூடும். ஒலிபெருக்கியும் ஊசியும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் சத்தத்தைக் கூட்டினால் அதிர்வு திரும்ப ஊசிக்கே வந்து சேர்கிறது. ஏற்கெனவே அடிபட்ட தட்டுகளை இதில் வைப்பதில்லை என்று முடிவானது. பரிசு கொடுத்த மகளின் மனம் கோணாமல் இதைச் சொல்வதற்குத்தான் நேரம் பிடித்தது.

தேர்வு

தேவைகளைத் தட்டுகளே சொல்லிவிட்டன: 78 வேகம் வேண்டும், ஊசியை மாற்றும் வசதி வேண்டும், அழுத்தத்தைத் திருத்தும் எடைக்கல் வேண்டும், வேகத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். யூஎஸ்பி இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

இந்தச் சல்லடையில் நல்ல பெயர்கள் பலவும் உதிர்ந்தன. ஆடியோ டெக்னிகாவின் எல்பி60எக்ஸ், தானே ஊசியை இறக்கித் தானே தூக்கும் வசதியான பிளேயர். புதிதாகத் தட்டு கேட்கத் தொடங்குபவருக்கு நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் 33, 45 மட்டுமே உண்டு. கார்ட்ரிட்ஜைக் கழற்ற முடியாது. அழுத்தத்தை மாற்ற முடியாது. இங்கிலாந்தின் ரேகா நிறுவனத்து பிளேனர் 1 ஒலியில் இவை எல்லாவற்றையும்விட மேல் என்பது என் கருத்து. அதிலும் 78 இல்லை. 33இலிருந்து 45க்கு மாறக்கூட மேடையைத் தூக்கி பெல்ட்டை மாற்ற வேண்டும். இபியும் எல்பியும் கலந்து கிடக்கும் வீட்டில் அது தொல்லை. சென்னையில் பழைய டெக்னிக்ஸ் எஸ்எல் 1200 எம்கே2 ஒன்று விலைக்கு இருந்தது. 1979இல் வந்த அந்த மாடல் சாகாவரம் பெற்றது என்று சொல்வார்கள், மிகையில்லை. அதிலும் 33, 45தான். 78ஐ 45இல் ஓட்டிப் பதிந்து கணினியில் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னார். முடியும்தான். ஆனால் பதியும்போது காதில் விழுவது பாட்டாக இருக்காது. ஊசி தடம் மாறிக் குதித்ததா, கரகரப்பு எங்கே தொடங்கியது என்று உடனுக்குடன் கேட்டறியும் வாய்ப்புப் போய்விடும்.

நியூ ஜெர்சியிலிருந்து உறவினர் ஒருவர் தன் பழைய பெல்ட் பிளேயரைக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். 110 வோல்ட் என்பது பெரிய சிக்கல் இல்லை, டிரான்ஸ்பார்மர் வைத்தால் தீர்ந்தது. சிக்கல் ஹெர்ட்ஸில். மின்சாரத்தின் அலைவெண்ணை நம்பிச் சுற்றும் ஏசி மோட்டார் அங்கே 60 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்டது, இங்கே 50. எனவே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 33⅓ என்பது 27.8 ஆகிவிடும். 5 கட்டைச் சுருதியில் பாடியவர் 3 கட்டைக்கு இறங்கிப் பாடுவார். டிரான்ஸ்பார்மர் இதைத் திருத்தாது. அடாப்டர் வழியாக நேர் மின்சாரத்தில் ஓடும் பிளேயர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

கடைசியில் வாங்கியது ஆடியோ டெக்னிகாவின் எல்பி120எக்ஸ் யூஎஸ்பி. நேரடி மோட்டார், மூன்று வேகம், 8 அல்லது 16 சதவீதம் வரை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு, கழற்றி மாட்டும் தலை, எடைக்கல் எல்லாம் உண்டு. அதில் வரும் விஎம்95இ கார்ட்ரிட்ஜின் அருமை வேறிடத்தில் இருக்கிறது. அதே உடலில் வெவ்வேறு ஊசிகளை இழுத்துச் செருகலாம்: கூம்பு, நீள்வட்டம், மைக்ரோலீனியர், ஷிபாட்டா என்ற முனை வடிவங்கள், அதோடு 78க்கான எஸ்பி ஊசி. சர்வீஸ் செய்பவரைத் தேடிப் போகாமல் வீட்டிலேயே மாற்றிக்கொள்ள முடிவது இந்தச் சேகரிப்புக்கு மிகவும் தேவையாக இருந்தது. வெறும் எல்பிக்கள் மட்டும் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அதே விலைக்கு எளிமையான பெல்ட் பிளேயரும் கொஞ்சம் மேலான ஊசியும் வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஊசி

எல்பியின் தடம் மயிரிழை. அதற்கான கூம்பு ஊசியின் முனை ஆரம் ஏறத்தாழ 0.015 முதல் 0.018 மில்லிமீட்டர். 78இன் தடத்துக்கு 0.076 மில்லிமீட்டர் வேண்டும். எல்பி ஊசியை 78இல் வைத்தால் அது சுவர்களைத் தொடாமல் பள்ளத்தின் அடியில் உருண்டு, அங்கே படிந்திருக்கும் தூசியையும் பொடியையும்தான் நமக்குப் பாடிக் காட்டும். 78க்கான எஸ்பி ஊசி போட்டதும் அதே தட்டில் இரைச்சல் பாதிக்குப் பாதி குறைந்தது போலிருந்தது. நாடகப் பாட்டு ஒன்றில் பின்னால் ஆர்மோனியக்காரர் போடும் சங்கதி அப்போதுதான் தெளிவாகக் கேட்டது. எஸ்பி ஊசிக்கு அழுத்தம் 5 கிராம். எல்பிக்கு ஆகாத எடை அரக்குத் தட்டுக்குச் சரி. தாத்தாவின் சாவி கிராமபோனில் ஒலிப்பெட்டியும் எஃகு ஊசியும் சேர்ந்து 100 கிராமுக்கு மேல் அழுத்தியிருக்கும். ஊசி மாற்றும்போதெல்லாம் எடைக்கல்லைத் திருத்தியாக வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம் என்பதால் பிளேயரின் மூடியில் "எல்பி 2, அரக்கு 5" என்று எழுதி ஒட்டச் சொன்னேன்.

எஃகு ஊசி ஓடிய தட்டுகளின் நிலை எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்பது விதி. தட்டில் கலந்த கல்பொடி ஊசியைத் தேய்த்துத் தடத்துக்கு ஏற்ப வடிவமைத்துவிடும். தேய்ந்த ஊசியை மறுபடி போட்டால் தட்டு போய்விடும். தாத்தா அந்த விதியைக் கறாராகக் கடைப்பிடித்திருக்கிறார் என்று தெரிந்தது. மரப்பெட்டிக்குள் காலியான ஊசி டப்பாக்கள் நிறையக் கிடந்தன.

மைக் செட்டில் தேய்ந்த இபி தட்டுகள்தான் தலைவலி. பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் கரகரவென்று கிழியும். நீள்வட்ட ஊசி கூம்பைவிடச் சுவரின் வேறோர் உயரத்தில் தொடும். அங்கே பழைய ஊசி போகாமல் இருந்திருந்தால் ஒலி பிழைக்கும், போயிருந்தால் இல்லை. இரண்டு ஊசியாலும் சில தட்டுகளை ஓட்டிப் பார்த்தோம். சாம்பல் குறைந்தவற்றில் நீள்வட்டம் வென்றது. முற்றிலும் வெளிறியவற்றில் கூம்பே தேவலாம். நீள்வட்டம் கிழிசலின் ஒவ்வோர் இழையையும் விவரித்துக் காட்டியது. விலை கூடிய ஊசி எல்லாத் தட்டிலும் நன்றாக ஒலிக்கும் என்று நம்புபவர்கள் தேய்ந்த தட்டில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

கதை வசன எல்பிக்களில் குறை வேறு மாதிரி. "ச", "ஸ" ஒலிகள் சீறின, அதுவும் லேபிளை நெருங்க நெருங்க. எல்பியின் வெளிவிளிம்பில் தடம் ஊசிக்கடியில் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது; உள்விளிம்பில் 20 சென்டிமீட்டர்தான். அதே ஒலி அங்கே நெருக்கியடித்துக்கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. கார்ட்ரிட்ஜ் ஒரு சுண்டு கோணம் தவறினாலும் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த இடம். அச்சிட்ட அளவுகோல் அட்டையை வைத்துக் கார்ட்ரிட்ஜை நேர்செய்ததும் சீறல் பெருமளவு அடங்கியது. புதிய பிளேயரிலும் தொழிற்சாலையில் மாட்டியதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

சுருதி

வேகம் சரியா என்று பார்க்கக் கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையை மேடையில் வைப்பார்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை மின்னும். 180 கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 33⅓. ஆனால் வீடுகளில் சோக் வைத்த டியூப்லைட் போய் எல்இடி வந்துவிட்டது. பலவற்றில் அந்த மினுக்கல் இல்லை, கோடுகள் நிற்காது. பிளேயரிலேயே இருக்கும் ஸ்ட்ரோப் விளக்கை நம்பினோம்.

33, 45 இரண்டுக்கும் இது போதும். 78க்குப் போதாது. பழைய தட்டுகள் எல்லாம் 78இலேயே பதியப்பட்டவை அல்ல. சில சுற்றுகள் கூடவோ குறையவோ இருக்கும். ஏறத்தாழ 6 சதவீத வேக மாற்றம் சுருதியை அரைக் கட்டை நகர்த்திவிடும். இங்கேதான் வேக நெம்பு உதவியது. ஆர்மோனியம் கேட்கும் நாடகப் பாட்டுகளில் அதன் கட்டையைச் சுருதிப்பெட்டியோடு ஒத்துப் பார்த்து வேகத்தைத் திருத்தினோம். அந்த ஆர்மோனியம் இன்றைய அளவுக்குச் சுருதி சேர்த்ததுதானா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. குரல் கீச்சென்றோ கனத்தோ இல்லாமல் மனிதக் குரலாக நிற்கிறதா என்பதைக் காதும் சொல்ல வேண்டும். வெறும் வாய்ப்பாட்டும் தம்புராவும் மட்டும் உள்ள தட்டுகளில் நான் கைவைக்கவில்லை. பாடகர் முழுக் கட்டைக்கும் அரைக் கட்டைக்கும் நடுவில் வசதியாக நின்று பாடியிருக்கலாம்; அதை இழுத்துக் கட்டையில் பொருத்த நாம் யார்? அவற்றை 78இலேயே பதிந்து, கோப்பின் பெயரிலும் அப்படியே குறித்துவைத்தோம்.

பதிவு

பிளேயரில் யூஎஸ்பி இருந்தும் பதிவுக்கு அதைப் பயன்படுத்தவில்லை. அதன் வழியே வருவது 16 பிட் பதிவு. தேய்ந்த தட்டில் ஒரு வெடிப்பு பாட்டைவிடப் பல மடங்கு உரத்து அடிக்கும்; அதற்கு இடம் விட்டுப் பதிவின் அளவைத் தாழ்த்தி வைக்க வேண்டும். 24 பிட் ஒலியளவை இன்னும் நுணுக்கமாகப் பதியும் என்பதால் தாழ்த்தினாலும் இழப்பு இல்லை. எனவே லைன் வெளியீட்டிலிருந்து கம்பி இழுத்துத் ஒலியைக் கணினிக்கு ஏற்ப மாற்றித் தரும் தனி ஆடியோ இன்டர்பேஸ் ஒன்றில் செருகி, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தோம். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் பழைய ஒலிப்பதிவுகளுக்கு 24 பிட்டைத்தான் சொல்கிறது; மாதிரி வீதம் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது) குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 96 இருந்தால் நல்லது என்கிறது. உச்ச அளவு கழித்தல் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். கேட்பதற்கு மட்டும், தொலைபேசியில் போட்டுக்கொள்ள மட்டும் என்றால் பிளேயரின் யூஎஸ்பியே தாராளமாகப் போதும். அதற்கு மேல் செலவு செய்வது வீண். இங்கே மறுபடி ஒருமுறை இந்தத் தட்டுகளை ஓட்டப்போவதில்லை என்பதால் இவ்வளவு மெனக்கெட்டோம்.

இடம் எவ்வளவு பிடிக்கும்? இந்தத் தரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 எம்பி; 20 நிமிட எல்பி பக்கத்துக்கு 700 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. 1 டிபி வன்தட்டில் எழுநூறு எல்பி அடங்கும். ஆகவே இடம் பிரச்சினை இல்லை. நேரம்தான் பிரச்சினை. 20 நிமிடப் பாட்டை 20 நிமிடத்தில்தான் பதிய முடியும். துடைப்பது, ஊசி சுத்தம் செய்வது, பெயர் எழுதுவது எல்லாம் தனி.

மின் உறுமல் பெரிய சோதனையாக இருந்தது. பிளேயரின் மண்கம்பியை இன்டர்பேஸின் உலோக உடலில் கட்டியும் தீரவில்லை. மடிக்கணினியின் இரண்டு முள் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓடவிட்டதும் உறுமல் நின்றது. இன்வெர்ட்டர் ஓடும்போது பதிவது கிடையாது என்பதும் அப்படியே விதியானது.

அதோடு கூடத்தில் ஓர் ஊஞ்சல். பிளேயரை முதலில் கூடத்து மேசையில் வைத்திருந்தார்கள். யாராவது ஊஞ்சலில் உட்கார்ந்து எழுந்தால் திரையில் அலைக்கோடு மெல்ல மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். காதுக்குக் கேட்காத அடியதிர்வு அது, ஆனால் பதிவில் உட்கார்ந்துவிடும். உள்ளறையில் சுவரோடு பதித்த கடப்பைக்கல் அலமாரிக்கு பிளேயரை மாற்றினோம். பதியும்போது ஒலிபெருக்கியை அணைத்து ஹெட்போனில் கேட்டோம், மின்விசிறிக்கும் ஓய்வு. சித்திரை வெயிலில் இது சுகமான வேலை அல்ல.

மோனோ தட்டுகளையும் இரண்டு சேனலாகவே பதிந்தோம். தடத்தின் இரு சுவர்களும் ஒரே பாட்டைத்தான் சொல்கின்றன, ஆனால் ஒரே அளவில் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. சில இபிக்களில் இடப்பக்கம் கிழிந்தும் வலப்பக்கம் சுத்தமாகவும் இருந்தது. நல்லதை மட்டும் வைத்துக்கொண்டோம். இரண்டும் ஏறத்தாழ ஒரே நிலை என்றால் கூட்டி மோனோ ஆக்கினால், ஊசி மேலும் கீழுமாகத் துள்ளுவதால் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துபோகும்.

78க்கு இன்னொரு திருத்தம் உண்டு. வினைல் தட்டுகளில் தாழ் ஒலியைக் குறைத்தும் மேல் ஒலியைக் கூட்டியும் பதிந்து, ஓட்டும்போது திருப்பிச் சமன் செய்வார்கள். 1954 முதல் இதற்கு ஆர்ஐஏஏ என்ற ஒரே அளவு நிலைபெற்றது. பிளேயருக்குள் இருக்கும் பெருக்கி இந்த அளவின்படியே 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபல் குறைக்கிறது. பழைய 78களிலோ அப்படிக் கூட்டிப் பதியவே இல்லை, அல்லது குறைவாகவே கூட்டினார்கள். கூட்டாததைக் குறைத்தால் என்ன ஆகும்? கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும். பழைய தட்டு அப்படித்தான் ஒலிக்கும் என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம். ஆடாசிட்டி மென்பொருளில் ஆர்ஐஏஏ வளைகோட்டைத் தலைகீழாக்கி நீக்கிவிட்டு, 78க்கென அதிலேயே இருக்கும் வளைகோடுகளில் பொருந்துவதை இட்டோம். குரல் முன்னுக்கு வந்தது, இரைச்சலும் கூடவே வந்தது. எவ்வளவு இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு எவ்வளவு குரலை வாங்குவது என்பதை வீட்டுக்காரரே ஒவ்வொரு தட்டுக்கும் முடிவு செய்தார்.

இரைச்சல் நீக்கும் கருவிகளை நான் அஞ்சி அஞ்சித்தான் தொடுவேன். வெடிப்பை நீக்கும் கருவிக்கு மிருதங்கத்தின் சாப்பும் வெடிப்பாகத்தான் தெரிகிறது; கஞ்சிரா இன்னும் மோசம். மாறாத இரைச்சலை நீக்கும் கருவிக்குத் தம்புரா மாறாத இரைச்சல். மாதிரியைப் பாட்டு தொடங்குமுன் உள்ள வெற்றுத் தடத்திலிருந்து எடுக்காமல் நடுவிலிருந்து எடுத்தால் தம்புராவையே தின்றுவிடும். எனவே முதல் பதிவைத் துளியும் தொடாமல், சுருக்காத வேவ் கோப்பாக ஒருபுறம் வைத்தோம், திருத்தியது தனி, உறவினர்களுக்கு அனுப்ப எம்பி3 தனி. ஒவ்வொரு கோப்போடும் லேபிளின் புகைப்படம், தட்டு எண், லேபிளுக்கும் தடத்துக்கும் நடுவே பொறித்திருக்கும் எண், பயன்படுத்திய ஊசி, வேகம் ஆகியவை சேர்ந்தன. நாளை வேறொருவர் இன்னும் நல்ல மென்பொருளோடு வந்தால் தட்டை மறுபடி ஓட்டத் தேவையிருக்காது.

ஊரோடு பகிர்வது

யூடியூபில் ஏற்றலாமா என்று பேரன் கேட்டான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆனால் பாடல் வரிக்கும் இசைக்கும் தனி உரிமை உண்டு. அது எழுதியவர், இசையமைத்தவர் மறைந்து 60 ஆண்டு வரை நீளும். சொந்த உபயோகத்துக்குப் படி எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பொதுவில் வெளியிடுவது வேறு. எக்கோ எல்பிக்களை ஏற்றும் பேச்சுக்கே இடமில்லை என்றானது. அரிதான நாடக செட்டுகளின் பட்டியலை மட்டும் எடுத்து, வேறெங்கும் அவை பாதுகாக்கப்பட்டிருக்கின்றனவா என்று சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டறிவது என்று முடிவு செய்தார்கள்.

இப்போதைய நிலை

எல்பிக்கள் முடிந்துவிட்டன. அரக்குத் தட்டுகளில் விரிசல் விட்டவை மட்டும் பாக்கி. விரிசலைக் கடக்கும்போது எஸ்பி ஊசிக்கே ஆபத்து என்பதால் அவற்றைக் கடைசியாக வைத்திருக்கிறோம், ஊசி தேய்ந்து மாற்றும் தருவாயில் ஓட்டலாம் என்று. நீள்வட்ட ஊசிக்கு அதைச் செய்த நிறுவனம் சொல்லும் ஆயுள் 300 மணி நேரம். 40 நிமிட எல்பியாகக் கணக்கிட்டால் 450 தட்டு. இபி பெட்டிகள் முடிவதற்குள் இரண்டாவது ஊசி தேவைப்படும். எஸ்பி ஊசி நம் ஊர்க் கடைகளில் கேட்டவுடன் கிடைப்பதில்லை என்பதால் அதில் ஒன்றும் சேர்த்தே வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். தந்தையின் பிளேயருக்கு ரப்பர் சக்கரத்தைப் புதுப்பித்துத் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். ஊசியையும் மாற்றினால்தான் அதில் தட்டு வைக்கலாம், அதுவும் இரண்டு பிரதி உள்ளவற்றை மட்டும் என்று சொன்னேன். வீட்டுக்காரர் அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.